நடனம் படித்தால் என்ன வேலை கிட்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவையொட்டித் தாங்கள் வெளியிட்ட மேற்படிப்பு வழிகாட்டி மலரை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் பக்கம் பக்கமாக இருக்கிறது. மீன்வளப் படிப்புக்கு அரைப் பக்கம். நடனத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: படித்தவர்கள் மேடைக் கலைஞராகலாம், ஆசிரியராகலாம் என்று.

நான் மார்த்தாண்டம் பக்கம் நடன வகுப்பு நடத்துகிறேன். வெளியூரில் ஒரு நுண்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டு பரதம் படித்துப் பட்டம் வாங்கியவள். ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு அம்மா வந்துவிடுவார். "டீச்சரே, எனக்க மோளு டான்சுதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. படிச்சா என்ன வேலை கிட்டும்?" என்பதுதான் கேள்வி. தங்கள் மலரில் உள்ள அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் நான் என்ன சொல்கிறேனோ அதையே தங்களுக்கும் எழுதுகிறேன். நீளும். வெட்டாமல் போட்டால் சந்தோஷம்.

முதலில் மேடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேடை வருமானத்தை நம்பி யாரும் இந்தப் படிப்பில் சேர வேண்டாம். ஒரு முழு நிகழ்ச்சி என்றால் கைத்தாளம் போட்டுத் தாளச் சொற்களான ஜதி சொல்லும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலினோ புல்லாங்குழலோ என்று நாலு பேராவது பக்கத்தில் உட்கார வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒரு தொகை, ஒத்திகைக்குத் தனி. மேக்கப், பூ, வண்டி வாடகை வேறு. நடத்துகிறவர்கள் கொடுப்பது இதற்கே காணாது. மார்கழியில் சென்னைக்குப் போய் ஆடும் இளம் பிள்ளைகளில் பலர் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம்.

இங்கே அம்மன் கோயில் கொடைவிழா, சர்ச் திருவிழா, ஊர் ஆண்டுவிழா எல்லாவற்றிலும் கலைநிகழ்ச்சி உண்டு. மைக்செட்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் அட்வான்ஸ் போய்விடும். ஆடுகிறவளுக்குப் பொன்னாடை. என் பீரோவில் பொன்னாடை அடுக்கு அடுக்காக இருக்கிறது. அதை வைத்துக் கரண்டு பில் கட்ட வழியில்லை. சாமி காரியத்துக்கு ஆடக் காசு கேட்பதா என்று முகம் சுளிக்கிற கமிட்டிக்காரர்கள் தவில்காரரிடமோ வில்லுப்பாட்டுக் குழுவிடமோ அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் கறாராகப் பேசி வாங்கிப் பழகியவர்கள். நடனக்காரி என்றால் வீட்டில் யாரோ சம்பாதிக்கிறார்கள், இவள் ஆசைக்கு ஆடுகிறாள் என்று நினைப்பு.

அப்படியானால் பிழைப்பே இல்லையா? இருக்கிறது. நான் பிழைக்கிறேன். என்னோடு படித்தவர்களில் விடாமல் நின்றவர்கள் எல்லோரும் பிழைக்கிறார்கள். எதில் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

என் வருமானத்தில் பெரும்பகுதி ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளிடமிருந்து வருகிறது. எங்கள் பக்கம் மாதக் கட்டணம் 500 முதல் 800 ரூபாய்வரை. விஜயதசமிக்குக் கூட்டம் சேரும். அடிப்படை அசைவுகளான அடவெல்லாம் முடித்து, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என்ற உருப்படிகளைத் தாண்டிப் பெரிய உருப்படியான வர்ணத்தில் கால் வைக்கும்போது பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கும். "பத்தாங்கிளாஸ் டீச்சரே, டியூஷன் இருக்கு, பரீட்சை முடிஞ்சு வரட்டும்" என்பார்கள். வருவது அபூர்வம். கோடை விடுமுறையில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஹால் வாடகை மட்டும் தவறாமல் வரும். வாடகைக்குப் பயந்து மொட்டைமாடியில் ஷீட் போட்டு நடத்துகிறவர்களும் உண்டு. இது இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். ஷீட்டின்மேல் மழை கொட்டும்போது, தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தம் முதல் வரிசைக்கே எட்டாது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமெண்டிலும் டைல்ஸிலும் வருஷக்கணக்காகக் காலைத் தட்டினால் முழங்காலும் இடுப்பும் பதில் சொல்லும். நாற்பது வயதில் முழங்காலை மடக்கி அரைமண்டி உட்கார முடியாத டீச்சர்மார் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து வாயாலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது போதும். சின்னப் பிள்ளைகள் டீச்சர் காலைப் பார்த்துத்தான் கற்கும். இந்தத் தொழிலுக்கு முதலீடே உடம்புதான், அதை எப்படிக் காப்பது என்று எங்களுக்கு யாரும் ஒரு வகுப்பு எடுத்ததில்லை.

கொரோனாவுக்குப் பிறகு ஆன்லைன் வகுப்பு பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் சாயங்காலம் நமக்கு விடியற்காலை. அஞ்சு மணிக்கு எழுந்து, சேலை மாற்றி, போனை ஸ்டாண்டில் வைத்து நின்றால் உள்ளூர்க் கட்டணத்தைப்போல் நாலைந்து மடங்கு கிடைக்கும். ஒரு சங்கடம் உண்டு. சத்தம் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும்; நான் இங்கே தட்டுவதும் அந்தப் பிள்ளை அங்கே தட்டுவதும் ஒன்றுசேராது. அதனால் ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான சொல்லுக்கட்டை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பி, அதை அங்கேயே ஓடவிட்டு ஆடச் சொல்லி, நான் பார்த்துத் திருத்துகிறேன். நெட் போகும் நாட்களில் அந்தக் காசும் போகும்.

கல்லூரியில் படித்தவற்றில் எனக்கு மிக அதிகம் கைகொடுத்தது நட்டுவாங்கம். அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று இரும்பும் ஒன்று வெண்கலமுமாக இரண்டு கைத்தாளத்தை வைத்துக்கொண்டு, ஜதி சொல்லி, ஆடுகிறவளின் காலை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஜதியை முடிக்கும் தீர்மானம் வரும்போது மிருதங்கக்காரருக்குக் கண்ணாலேயே சேதி சொல்ல வேண்டும். ஆடுகிறவள் ஒரு இடத்தில் தடுமாறினால் அடுத்த தாளச் சுற்றுக்குள் அவளைத் தூக்கி நிறுத்துகிற பொறுப்பும் நட்டுவாங்கக்காரருக்குத்தான். இன்றைக்கு நாம் ஆடும் நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களும் நட்டுவனார்கள். அவர்களில் வடிவேலு திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தவர். அப்போது நம் நாஞ்சில் நாடும் அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. அப்படிப்பட்ட வேலைக்கு எங்கள் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு வகுப்பு. பெரும்பாலோர் தேர்வுக்கு மட்டும் பாடம் பண்ணிவிட்டு விட்டுவிட்டார்கள். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் மட்டும், "ஆடுறதுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கு, தாளம் போட ஆளைத் தேடுவாங்க, பிடிச்சுக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கம் அரங்கேற்றம் என்றால் கூப்பிடுகிறார்கள். ஒத்திகைகளோடு சேர்த்து ஒரு அரங்கேற்றத்துக்குக் கிடைப்பது என் வகுப்பின் மாத வரவில் ஏறக்குறைய பாதி. பாடவும் தெரிந்தால் இன்னும் நல்லது. வகுப்புக்குப் பாட்டுக்காரரைத் தேட வேண்டியதில்லை. கல்லூரியில் பாட்டு வகுப்பை வெட்டிவிட்டுக் கேண்டீனில் இருக்கும் பிள்ளைகளின் காதில் இதைப் போட வேண்டும்.

மேடையைச் சுற்றி வேறு தொழில்களும் உண்டு. பரதம் ஆடுகிறவர்கள் அணியும் நெற்றிச்சுட்டியும் சூரிய சந்திரப் பிறையும் நம் நாகர்கோவில் வடசேரியில் செய்கிறார்கள். நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பூவுக்குத் தோவாளைச் சந்தை. ஆடை, நகை வாடகைக்கு விடுவதையே முழுநேரத் தொழிலாக நடத்துகிற பழைய மாணவி ஒருத்தி எனக்கு உண்டு. பள்ளி ஆண்டுவிழா சீசனில் அவள் வரவைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

இனி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 1957 முதல் மாநிலப் பள்ளிக் கலோத்சவம் என்ற கலைப்போட்டி விழா நடக்கிறது. பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சிப்புடி, நாடோடி நிருத்தம், சங்கநிருத்தம், திருவாதிரை ஆட்டம், ஒப்பனா, மார்க்கம்களி என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் போட்டி. ஓணம் சமயத்திலிருந்து ஜனவரிவரை அங்கே நடன ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. எங்கள் பக்கத்துப் பட்டதாரிகள் குழித்துறையில் ரயிலேறிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இறங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்காரர்களுக்கு மலையாளம் தடையில்லை. இந்த மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் நாம் எல்லோரும் அந்தப் பக்கம்தானே. 2025 ஜனவரியில் மாநிலக் கலோத்சவம் திருவனந்தபுரத்திலேயே நடந்தபோது, எனக்குத் தெரிந்த டீச்சர்மார் பலர் அந்த வாரம் இங்கே வகுப்பே வைக்கவில்லை.

அந்தப் போட்டிமுறை எனக்கு முழுக்கப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். மார்க்குக்காக ஆடுகிற ஆட்டத்தில் முகபாவம் பின்னால் போய்விடுகிறது; குதிப்பும் வேகமும் முன்னால் வந்து நிற்கிறது. புதுச் சேலைக்கும் பாட்டுப் பதிவுக்கும் வட்டிக்கு வாங்கிச் செலவழிக்கிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஆசிரியருக்கு என்ன தொகை என்று முதல் நாளே பேசிவிடுகிறார்கள். பொன்னாடை கிடையாது.

அந்தப் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்குப் பரதம் மட்டும் போதாது. மோகினியாட்டமோ குச்சிப்புடியோ கூடவே வேண்டும். கல்லூரி விடுமுறையில் அடிப்படையாவது கற்றுக்கொள்ளலாம்.

மேலே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். முதுகலை முடித்தவர்கள் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதலாம். நடனம், நாடகம், அரங்கக்கலை சேர்ந்த நிகழ்த்துகலை என்று அதில் ஒரு பாடம் இருக்கிறது. தேறினால் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதிலேயே ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். எழுத்துப் பாடத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் இதில் திணறுகிறார்கள்; அபிநயதர்ப்பணம், நாட்டிய சாஸ்திரம் என்ற பழைய நடன நூல்கள் அங்கே கேள்வியாக வரும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரையான இளம் கலைஞர்களுக்கு இரண்டு ஆண்டு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. 25 முதல் 40 வயதுவரை இளநிலை ஃபெலோஷிப் மாதம் 10,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். கல்லூரி முடித்து வகுப்பு நிலைபெறும்வரை உள்ள அந்த இரண்டு வருஷத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்கோ பிரைவேட் ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கோ போகிறார்கள். அந்த வயதில் மாதம் ஐயாயிரம் என்பது ஒருத்தியைப் பிடித்து நிறுத்தும். தூர்தர்ஷன் ஆடிஷனில் கிரேடு வாங்கி வைத்தால் விண்ணப்பங்களுக்குப் பலம். இப்படியெல்லாம் உண்டு என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.

கல்யாணம் என்ற பேச்சையும் மறைக்க வேண்டியதில்லை. "இப்போ ஆடுகா, சரி; அதுக்கப்புறம்?" என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே கேட்பார்கள். ஆடுவாள் என்று அப்போதே சொல்லிவிடுகிற அம்மாமார் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளுக்கு வேறு விதமான தொல்லை. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்து என்னிடம் படித்த பையன், கேலி தாங்காமல் பத்து மாதம் வீட்டுக்குத் தெரியாமல் சலங்கையை என் வீட்டிலேயே வைத்திருந்தான். இன்று துபாயில் ஒரு நடனப் பள்ளியில் ஆசிரியர். என் சம்பாத்தியத்தைவிட அவன் வீட்டுக்கு அனுப்புவது அதிகம்.

சேர்க்கைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சென்னையில் 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா, திருச்சி கலைக்காவிரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அரசு இசைக் கல்லூரிகள் என்று இடங்கள் உண்டு. நமக்கு அடுத்துத் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரியும் இருக்கிறது. எங்கே போனாலும் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நட்டுவாங்கம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மிருதங்கக்காரர் வகுப்புக்கு வந்து வாசிக்கிறாரா அல்லது பாட்டு போனில் ஓடுகிறதா, தரை மரமா சிமெண்டா, கொடுப்பது டிப்ளமோவா பட்டமா, அந்தச் சான்றிதழை வைத்து மேலே முதுகலை சேர முடியுமா என்று கேளுங்கள். போன வருஷம் முடித்துப் போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். நல்ல கல்லூரி இதற்கு முகம் சுளிக்காது. தொலைநிலைப் பட்டம் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். ஏற்கெனவே குருவிடம் நன்றாகப் படித்து, கையில் சான்றிதழ் மட்டும் இல்லாதவர்களுக்கு அது உதவும். புதிதாக அடவு கற்க அது வழியில்லை.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். நல்ல முயற்சி, மனதாரச் சொல்கிறேன். காசு கட்டி வகுப்புக்கு வரமுடியாத வீட்டுப் பிள்ளைகள், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியின் பிள்ளையும் கட்டுமரக்காரரின் பிள்ளையும், மேடையேறி ஆடுவதைப் பார்க்கும்போது கண் நிறைகிறது. அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறது யார்? போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் போன் வரும். "டீச்சர், ஒரு குரூப் டான்ஸ் வேணும், நம்ம பிள்ளையளுக்காக." போகிறேன். பள்ளி ஆசிரியைகள் தங்கள் கையிலிருந்து பிரித்து ஆட்டோக் கூலி கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடமும் அதற்கென்று ஒதுக்கிய பணம் இல்லை. பரிசு வாங்கியபோது எடுத்த போட்டோவில் பயிற்சி கொடுத்தவள் இருக்கமாட்டாள்.

2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி, தோட்டக்கலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நடனம் என்று தனியாக ஒரு பாடம் இல்லை. அந்த ஆசிரியர்களே பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போது, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆகவே சின்னதாகக் கேட்கிறேன். ஒன்றியத்துக்கு ஒரு நடனப் பயிற்றுநர், ஜூன் முதல் நவம்பர்வரை, பள்ளி பள்ளியாகச் சுற்றி வருகிற மாதிரி. பட்டமோ டிப்ளமோவோ உள்ளவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். எல்லை தாண்டிப் போய் நன்றாகவே வேலை பார்க்கிறார்கள். களியல் ஆட்டமும் வில்லுப்பாட்டும் தெரிந்த வயதான கலைஞர்களையும் இதே ஏற்பாட்டில் சேர்த்தால், நம் மண்ணின் ஆட்டத்தைப் பிள்ளைகள் யூடியூபைப் பார்த்துக் கற்க வேண்டியிருக்காது.

முடியாத காரியம் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னால், அடுத்த கலைத் திருவிழாவுக்கான சுற்றறிக்கையில் மைக்செட், பந்தல், சாப்பாடு என்ற செலவுத் தலைப்புகளோடு 'பயிற்றுநர் ஊதியம்' என்று ஒரு வரியாவது சேர்க்கட்டும். தொகை எவ்வளவு என்பதை அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நடன ஆசிரியை ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.